கண்காணாக் கள்வரும் கண்ணயர்ந்த காவலும்

பொருளைப் பாதுகாக்கும் முறை காலந்தோறும் மாறி வந்திருக்கிறதென்பதும், அதனைக் கவரும் முறையும் உடன் மாறி வந்திருக்கிறதென்பதும் சரித்திரம் கற்றார் யாவரும் அறிந்தவையே. நெல்லும் பொன்னும் செல்வமாயிருந்த நாளில் கள்வன் சுவரிலே கன்னமிட்டான். பத்திரமும் காசோலையும் செல்வமான நாளில் கள்ளக் கையெழுத்திட்டான். இன்றோ வைத்தியசாலைகளும் வங்கிகளும் சர்க்கார் காரியாலயங்களும் தம்மிடமுள்ள கணக்கனைத்தையும் கணினிக்குள் வைத்துவிட்டன. ஆகவே கள்வனும் அவ்விடமே சென்றுவிட்டான். அவனுக்கு ஏணி வேண்டுவதில்லை, இருள் வேண்டுவதில்லை. ஆயிரம் மைலுக்கப்பால் ஓர் அறையில் அமர்ந்தவாறே நம் ஊர்க் களஞ்சியத்துள் கை வைக்கிறான்.

நம் தோட்டங்களில் செக்ரோல் புத்தகத்தைக் கையால் எழுதிய காலத்தை முதியோர் மறந்திரார். ஆளின் பெயர், நாட்கணக்கு, கூலி, பிடித்தம் யாவும் அப்புத்தகத்தில் இருந்தன. அதைத் திருட நினைப்பவன் ஆபீசுக்குள் புகுந்து, அலமாரியை உடைத்து, புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். மறுநாட் காலையில் புத்தகம் இல்லையென்பது கிராணிக்குத் தெரிந்துவிடும். கணினித் திருட்டிலோ புத்தகம் வைத்த இடத்திலேயே இருக்கும். அதன் நகல் மட்டும் போயிருக்கும். பொருள் போனது உடையவனுக்கே தெரியாது. இக்களவின் கொடுமையெல்லாம் இவ்வொன்றிலே அடங்கியிருக்கிறது. ஆதலின், ஏதோ பிசகு நடக்கிறதென்னும் சிறு அறிகுறியைக் கண்டு, காலந்தாழ்த்தாது வாய்திறந்து சொல்லும் மனிதனே எப்பூட்டினும் மேலான காவல் என்பது நம் துணிபு. கடந்த கால் நூற்றாண்டில் நிகழ்ந்த நான்கு நிகழ்ச்சிகளை முறையே எடுத்துக்காட்டி இதனை நிறுவுவோம்.

முதலாவது நம் அண்டை நாடாகிய பிலிப்பைன்ஸின் தலைநகர் மணிலாவில் தோன்றியது. 2000-ம் ஆண்டு மே 4-ந்தேதி, 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்னும் தலைப்புடன் ஒரு மின்னஞ்சல் உலகெங்கும் பரவிற்று. அதனுடன் காதற் கடிதம் போன்றதொரு கோப்பு இணைந்திருந்தது. ஆவல் மேலிட்டு அதைத் திறந்தவரின் கணினியிலிருந்த கோப்புகள் அழிந்தன. அம்மட்டோ! அவர் முகவரிப் புத்தகத்திலிருந்த நண்பர் அனைவருக்கும் அவர் பெயராலேயே அந்நச்சு நிரல் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. சில நாட்களுக்குள் பல லட்சம் கணினிகள் அதற்கு இரையாயின. பிரிட்டிஷ் பார்லிமெண்டே தன் மின்னஞ்சலைச் சிறிது நேரம் மூடிவைக்க நேர்ந்தது. அந்நாளில் பிலிப்பைன்ஸில் இதற்கெனச் சட்டம் ஒன்றும் இல்லாமையால், செய்தவர் எனக் கருதப்பட்டவர்மீது வழக்கு நிலைக்கவில்லை. அடுத்த ஜூன் மாதத்திலேயே சட்டம் பிறந்தது.

இந்நிகழ்ச்சியில் கள்வன் எப்பூட்டையும் உடைக்கவில்லையென்பதை வாசகர் நோக்கவேண்டும். தெரிந்தவர் பெயரில் வந்ததால் வீட்டாரே கதவைத் திறந்துவிட்டனர். தூண்டில் மின்னஞ்சல் எனப்படுவது இதுவே. அன்று காதற் கடிதமாய் வந்தது இன்று வங்கியின் அறிவிப்பாய், வருமான வரி இலாகாவின் கடிதமாய், 'இப்பணத்தை உடனே செலுத்துக' என்னும் முதலாளியின் உத்தரவாய் வருகிறது. வேடம் மாறினும் தந்திரம் மாறவில்லை.

இரண்டாவது நிகழ்ச்சி வங்காள தேசத்தின் மத்திய வங்கியில் நிகழ்ந்தது. வேலைக்கு விண்ணப்பம் அனுப்புவார் போல் நடித்து, 2015-ம் ஆண்டில் அவ்வங்கி ஊழியர்க்குத் தூண்டில் மின்னஞ்சல்கள் அனுப்பப்பட்டன என்று அமெரிக்க சர்க்காரின் குற்றப் பத்திரம் பின்னர்க் கூறிற்று. உள்ளே புகுந்த கள்வர் ஓராண்டு காலம் அசையாதிருந்து வங்கியின் நடைமுறைகளைக் கற்றனர். 2016-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந்தேதி வியாழக்கிழமை இரவு, நியூயார்க்கிலுள்ள பெடரல் ரிசர்வ் வங்கிக்கு, டாக்கா வங்கியே எழுதியது போல் 35 உத்தரவுகளை அனுப்பினர். கேட்ட தொகை ஏறக்குறைய 95 கோடி அமெரிக்க டாலர்.

நாளைத் தேர்ந்த சூழ்ச்சியைக் காண்மின்! வெள்ளிக்கிழமை டாக்காவில் விடுமுறை. சனியும் ஞாயிறும் நியூயார்க்கில் விடுமுறை. திங்கட்கிழமை மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை. ஒருவர் கேட்க நினைக்கும்போது மற்றவர் காரியாலயம் மூடியிருக்கும்.

ஆயினும் இரண்டு அறிகுறிகள் வெளிப்பட்டன. வெள்ளிக்கிழமை டாக்காவில், பணப் பரிமாற்றச் சீட்டுகளைத் தானே அச்சிடும் பொறி இயங்கவில்லை. பொறி பழுதுபடுவது வழக்கந்தானே என்று ஊழியர் அதை மறுநாளைக்கு விட்டனர். அப்பொறியை முடக்கியவர் கள்வரே என்பது பின்னரே தெரிந்தது. இரண்டாவது அறிகுறி, இலங்கையிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு 2 கோடி டாலர் அனுப்பும் உத்தரவில் இருந்தது. 'பவுண்டேஷன்' என்னும் ஆங்கிலச் சொல்லை அதில் எழுத்துப் பிழையுடன் எழுதியிருந்தனர். இடையிலிருந்த வங்கியார் பிழையைக் கண்டு, இஃது உண்மைதானா என்று வினவினர். அவ்வொரு வினாவால் அத்தொகை மீண்டது. மணிலாவுக்குச் சென்ற 8 கோடியே 10 லட்சம் டாலரோ, பெரும்பாலும் சூதாட்ட விடுதிகளுக்குள் புகுந்து மறைந்தது. மற்ற உத்தரவுகள் நியூயார்க்கிலேயே நின்றுபோயின. ஓர் அறிகுறியைக் கண்டும் வழக்கமென்று விட்டார்க்கு என்ன நேர்ந்தது, மற்றொன்றைக் கண்டு கேட்டார்க்கு என்ன நேர்ந்தது என்பதை ஒப்பிட்டு நோக்குக.

மூன்றாவது இங்கிலாந்தில் நிகழ்ந்தது. 2017-ம் ஆண்டு மே 12-ந்தேதி வெள்ளிக்கிழமை, 'வானாகிரை' என்னும் நச்சு நிரல் உலகில் 150 நாடுகளுக்கு மேற் பரவிற்று. இது கோப்புகளைத் திருடிச் செல்வதன்று. அவற்றை வைத்த இடத்திலேயே பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, '300 டாலர் தந்தால் திறப்பேன்' என்று பணயம் கேட்பது. இங்கிலாந்தின் தேசீய சுகாதாரச் சேவையைச் சேர்ந்த வைத்தியசாலைகளில் நோயாளரின் ஏடுகள் திறவாவாயின. சில இடங்களில் அவசர நோயாளரையும் வேறிடத்துக்கு அனுப்பினர். ஏறக்குறைய 19,000 சிகிச்சை நியமனங்கள் ரத்தாகியிருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது.

இந்நச்சு புகுந்த ஓட்டை முன்னறியாத ஓட்டையா? இல்லை. அதை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் கம்பெனியார் அதே ஆண்டு மார்ச் மாதத்தில் வெளியிட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. திருத்தத்தை இட்டவர் தப்பினர், இடாதவர் சிக்கினர். சாதாரணப் பாதுகாப்பு முறைகளைக் கைக்கொண்டிருந்தால் இதைத் தடுத்திருக்கலாம் என்று அந்நாட்டுத் தணிக்கை இலாகா பின்னர் அறிக்கை வெளியிட்டது. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்பது இதுவன்றோ!

இனி நம் வீட்டு வாயிலில் நிகழ்ந்த நான்காவதைச் சிறிது விரிவாக நோக்குவோம்.

சிங்கப்பூரின் மிகப் பெரிய பொது வைத்தியத் தொகுதி சிங்ஹெல்த் என்பது. அதன் கணினிகளை நிர்வகித்தது அந்நாளில் ஐ.எச்.ஐ.எஸ். எனப்பட்டதும், 2023-ம் ஆண்டு முதல் சினாப்ஸ் எனப் பெயர் மாறியதுமான நிறுவனம். 2017-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பெரும்பாலும் தூண்டில் மின்னஞ்சல் வழியாக, ஊழியர் ஒருவரின் கணினிக்குள் கள்வர் புகுந்தனர். பல மாதங்கள் ஒளிந்திருந்து, ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு மெல்ல நகர்ந்தனர். 2018-ம் ஆண்டு ஜூன் 27-ந்தேதி முதல் ஜூலை 4-ந்தேதி வரை நோயாளர் களஞ்சியத்திலிருந்து நகல்களை எடுத்துச் சென்றனர்.

பறிபோனது எவ்வளவு? ஏறக்குறைய 15 லட்சம் மக்களின் பெயர், அடையாளக் கார்டு எண், விலாசம், பால், இனம், பிறந்த தேதி ஆகியவை. அந்நாளில் சிங்கப்பூரின் மக்கட்டொகை ஏறக்குறைய 56 லட்சமே. பறிகொடுத்தவருள் சுமார் 1,60,000 பேர் வாங்கிய மருந்துகளின் விவரமும் உடன் சென்றது. அந்நாட் பிரதமர் லீ சியன் லூங் அவர்களின் விவரங்களைக் கள்வர் குறிப்பாகவும் பன்முறையும் தேடினர். நோய் இன்னதென்னும் வைத்தியர் குறிப்புகளும் சோதனை முடிவுகளும் திருட்டுப் போகவில்லை என்று சர்க்கார் அறிவித்தது.

பணம் போகவில்லையே, பெயரும் விலாசமும் போனால் என்ன என்று கேட்பார் நம்மிலும் உளர். ஒருவன் உண்ணும் மருந்தின் பெயர் தெரிந்தால் அவன் நோய் தெரிந்துவிடும். வேலை போகுமோ, பெண் கொடுப்பார் மறுப்பரோ என்று அஞ்சி, ஏழை மக்கள் சில நோய்களை உறவினர்க்கும் சொல்லாது வைத்தியர் ஒருவரிடமே சொல்கின்றனர். அங்கும் இரகசியம் தங்காதெனின் அவர்கள் வைத்தியசாலைப் படியையே மிதியார். மேலும், நம் பெயரும் அடையாளக் கார்டு எண்ணும் பிறந்த தேதியும் அறிந்த வஞ்சகன் தொலைபேசியில் அதிகாரி போற் பேசும்போது நாம் அவனை நம்பிவிடுகிறோம். பணம் போனால் மீண்டும் ஈட்டலாம். பிறந்த தேதியை மாற்றிக்கொள்வார் யார்?

2018-ம் ஆண்டு ஜூலை 20-ந்தேதி செய்தி வெளியானது. ஓய்வுபெற்ற நீதிபதி ரிச்சர்டு மேக்னஸ் அவர்களைத் தலைவராகக் கொண்ட விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 2019-ம் ஆண்டு ஜனவரி 10-ந்தேதி பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. மறைக்காது வெளியிட்டமை போற்றத்தக்கது. அவ்வறிக்கை கூறும் குறைகளில் வியப்பானவை ஒன்றுமில்லை, யாவும் சாதாரணமானவை. திருத்தம் வெளிவந்தும் இடப்படாத நிரல் ஒரு கணினியில் இருந்தது. வைத்தியசாலையின் சில சர்வர்களிலிருந்து நோயாளர் களஞ்சியத்துக்குத் தேவையற்ற பாதை ஒன்று திறந்தே கிடந்தது. நிர்வாகியின் உரிமைகள் கொண்ட ஒரு கணக்கின் கடவுச்சொல் எது தெரியுமா? 'கடவுச்சொல்' என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லையே, ஓரெழுத்துக்குப் பதில் ஒரு குறியும் மற்றோரெழுத்துக்குப் பதில் சுழியும் இட்டு எழுதியதுதான்! பெட்டகத்தின் சாவியை அப்பெட்டகத்தின் மேலேயே வைத்ததற்கும் இதற்கும் வேற்றுமை என்னை?

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. களஞ்சியத்துக்குள் நுழைய யாரோ முயன்று முயன்று தோற்பதை ஊழியர் சிலர் 2018-ம் ஆண்டு ஜூன் 11-ந்தேதி முதலே கண்டனர். ஜூலை 4-ந்தேதி, களஞ்சியத்தைக் கவனிக்கும் ஊழியர் ஒருவர் இயல்புக்கு மாறான வினவல்கள் நடப்பதைக் கண்டு தாமே அவற்றை நிறுத்தினார். அவர் கண்ணயர்ந்திருந்தால் இன்னும் எத்தனை லட்சம் பேரின் விவரம் போயிருக்குமோ! ஆனால் இச்செய்தி மேலிடத்தையும் சர்க்காரின் கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தையும் எட்டியது ஜூலை 10-ந்தேதியே. முதல் அறிகுறிக்கும் இதற்கும் இடையே ஏறக்குறைய ஒரு மாதம். அந்த மாதத்துக்குள்தான் களவு முழுவதும் நடந்தது.

ஏன் இத்தாமதம்? மேலே தெரிவிக்கும் பொறுப்புடையவர், களவு உறுதியான பின்னரே தெரிவிக்கவேண்டும் என்று தவறாகக் கருதியிருந்தார். தெரிவித்தால் தமக்கும் தம் கூட்டத்தார்க்கும் வேலையும் நெருக்கடியும் மிகும் என்றும் தயங்கினார். கண்டவர்கள் சிறிய உத்தியோகஸ்தர். எவரிடம், எப்போது, எப்படிச் சொல்வதென்னும் பயிற்சி அவர்களுக்குப் போதிய அளவு தரப்படவில்லை. கள்வர் மிகத் தேர்ந்தவர்களே, உள்ளே புகாது தடுத்தல் அரிதே, ஆயினும் பொருளை எடுத்துச் செல்வதில் அவர்கள் வெற்றி பெற்றது தவிர்க்க முடியாததன்று என்பது குழுவின் முடிவு. இம்முடிவை ஒவ்வொரு நிறுவனத்தாரும் தம் சுவரில் எழுதி வைத்தல் தகும்.

பின் நிகழ்ந்தவை யாவை? தனியார் விவரப் பாதுகாப்பு ஆணையம் ஐ.எச்.ஐ.எஸ். நிறுவனத்துக்கு 7,50,000 வெள்ளியும், சிங்ஹெல்த்துக்கு 2,50,000 வெள்ளியும் அபராதம் விதித்தது. ஊழியர் இருவர் வேலையிழந்தனர். தலைமை நிர்வாகி உள்ளிட்ட மேலதிகாரிகளுக்கும் பண அபராதம் விதிக்கப்பட்டது. ஊக்கத்துடன் கடமையாற்றிய ஊழியர் மூவர்க்குப் பாராட்டுக் கடிதம் வழங்கப்பட்டது. தண்டனைச் செய்தியை உலகம் பெரிதாகப் பேசிற்று. நாமோ இப்பாராட்டையே பெரிதெனக் கொள்வோம். கண்டு சொல்பவனுக்கு மதிப்புண்டு என்று காட்டாத நிறுவனத்தில் அடுத்த முறை எவனும் சொல்ல முன்வரான்.

இந்நான்கினின்றும் நாம் கொள்ளத்தக்க பாடங்களை இனித் தொகுத்துரைப்போம். இவை பெரிய வங்கிக்கு மட்டுமல்ல. உறுப்பினர் பட்டியலை ஒரு கணினியில் வைத்திருக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும், நன்கொடைக் கணக்கு எழுதும் ஆலயச் சபைக்கும், மாணவர் விவரம் வைத்திருக்கும் தமிழ்ப் பள்ளிக்கும், வாடிக்கையாளர் எண்களைத் தொலைபேசியில் வைத்திருக்கும் நகரத்து மளிகைக் கடைக்கும் பொருந்துவன.

மணிலாக் கடிதம் கற்பிப்பது: அவசரப்படுத்தும் எந்தச் செய்தியையும் வந்த வழியிலேயே நம்பி விடையளித்தல் ஆகாது. பணம் அனுப்பச் சொல்லிக் காரியதரிசி பெயரால் மின்னஞ்சல் வந்தால், முன்னமே தெரிந்த எண்ணில் அவரை அழைத்துக் கேட்டல் வேண்டும். பெருந்தொகைக்கு ஒருவர் கையொப்பம் போதாது; இருவர் ஒப்பவேண்டும்.

டாக்கா கற்பிப்பது: விடுமுறை நாளிலும் காவல் வேண்டும். எவரை அழைப்பதென்பது எழுதி வைக்கப்பட்டிருக்கவேண்டும். பொறி திடீரென நின்றால், ஏன் நின்றதெனக் கேட்டல் வேண்டும்.

இங்கிலாந்து கற்பிப்பது: திருத்தம் வந்த அன்றே இடுக. திருத்தம் வருவது நின்றுபோன பழங்கணினியை வேலையினின்று விலக்குக. கணக்குகளுக்கு நகல் எடுத்து, கணினியோடு இணையாத தனியிடத்தில் வைத்திடுக. அந்நகலிலிருந்து கணக்கை மீட்க முடிகிறதா என்பதையும் இடையிடையே சோதித்திடுக. நகலுடையவனைப் பணயக்காரன் அச்சுறுத்தல் எளிதன்று.

சிங்கப்பூர் கற்பிப்பது: ஒரே கடவுச்சொல்லைப் பலர் பங்கிடுதலும், எவரும் யூகிக்கத்தக்க சொல்லை வைத்தலும் கூடா. முக்கியமான கணக்குகளுக்கு இரட்டைச் சாவி வேண்டும். அதாவது, கடவுச்சொல்லுடன், அவ்வப்போது கைத்தொலைபேசியில் தோன்றும் எண்ணையும் இட்டாலன்றித் திறவாத முறை. நிர்வாகியின் உரிமைகள் மிகச் சிலரிடமே இருக்கவேண்டும். வேலையை விட்டுச் சென்றவரின் கணக்கை அன்றே மூடவேண்டும். தேவையற்ற பாதை எதுவும் திறந்திருத்தலாகாது. சோதனையில் தெரிந்த குறை, ஏட்டில் எழுதி வைத்தமையால் மட்டும் தீர்ந்துவிடாது. தீர்த்ததை மற்றொருவர் சென்று பார்க்கவேண்டும்.

இவையெல்லாம் செய்த பின்னும் கள்வன் புகக்கூடும். அப்போது காப்பது எது? சந்தேகம் தோன்றிய உடனேயே சொல்லலாம், உறுதியாகும் வரை காத்திருக்க வேண்டுவதில்லை என்னும் விதியே காக்கும். சொன்னது பொய்யாய்ப் போனாலும் எவரும் வைய மாட்டார் என்னும் நம்பிக்கை ஊழியர்க்கு வேண்டும். தூண்டிலைத் தாமே கடித்துவிட்டவர்க்கும் இது பொருந்தும். அவரை அனைவர் முன்னும் இழித்துப் பேசினால், அடுத்து ஏமாறுபவர் அதை மறைத்துவிடுவார். மறைத்த அந்நேரம் முழுவதும் கள்வனுக்கு ஆதாயம்.

இப்போது சட்டமும் இதனையே வற்புறுத்துகிறது. மக்களுக்குப் பெருந்தீங்கு விளைக்கத்தக்க விவரக் களவு நேர்ந்தால், குறித்த சில நாட்களுக்குள் சர்க்காருக்குத் தெரிவித்தல் வேண்டும் என்பது சிங்கப்பூரில் 2021-ம் ஆண்டு பிப்ரவரி முதலும், மலேசியாவில் 2025-ம் ஆண்டு ஜூன் முதலும் கட்டாயமாயிற்று. ஆனால் நிறுவனம் சர்க்காருக்குச் சொல்ல வேண்டுமாயின், முதலில் நிறுவனத்துக்குள் ஒருவர் மற்றொருவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அந்த முதற் சொல்லைச் சட்டம் பிறப்பிக்க இயலாது. மேலிருப்பவர் காது கொடுத்தாலன்றிக் கீழிருப்பவர் வாய் திறவார்.

'நாம் சிறிய உத்தியோகஸ்தர், பெரியவர்கள் பார்த்துக்கொள்வர்' என்று எண்ணுதல் நம்மவரிடம் நெடுநாட் பழக்கம். அச்சத்தால் வந்த இப்பழக்கத்தைக் கணினியுகம் மன்னிக்காது. ஆபீசிலும் கடையிலும் வைத்தியசாலையிலும் கணினி முன் அமர்ந்திருக்கும் நம் இளைஞரும் நங்கையரும் இதை மனத்திற் கொள்வாராக. முன்னெப்போதும் கண்டிராத ஒன்று திரையில் தோன்றினால் அன்றே, அந்நேரமே சொல்லுங்கள். சங்கங்களையும் நிறுவனங்களையும் நடத்தும் பெரியோர்களே! உங்களிடம் அவ்வாறு சொல்ல வருபவர் எவ்வளவு இளையவராயினும், கையிலுள்ள வேலையை நிறுத்தி அவர் கூறுவதை முழுதும் கேளுங்கள்.